பாலத்தடி வௌவால்களுக்கு ஒரு காது

மார்ச் 3

அண்ணிக்கு,

நலம். போனில் பேசினால் நமக்குள் வார்த்தை தடித்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். இத்துடன் வரும் பெட்டி, நம் காதுக்கு எட்டாத வௌவால் குரல்களைப் பதிவு செய்வது. இங்கே பழைய பாலத்தின் இடுக்குகளில் சின்ன வௌவால்கள் குடியிருக்கின்றன. இந்த மாதக் கடைசியில் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைக்கப் போகிறார்கள். பதிவைக் காட்டினால் விட்டுவிடுவார்களாம். பெட்டியோ இரண்டே நாளில் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடுகிறது. கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் சர்க்யூட் வடிவமைத்தவர் என்று அண்ணன் சொன்னான். 'காரியம்னா காலைப் பிடிக்கிறா' என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 11

நாத்தனார் அவர்கள் சமூகத்துக்கு,

காலை விட்டுவிடு, கூசுகிறது. பெட்டிக்குள் கம்பேரேட்டர் என்று ஒரு சிப் இருக்கிறது. சத்தம் இந்த அளவைத் தாண்டியதா இல்லையா என்று ஒப்பிட்டுச் சொல்வது அதன் வேலை. உன்னுடையது அசுர வேகம், அசுரப் பசி. எறும்பு அளவு சாப்பிடும் ஒன்றை மாற்றி வைத்திருக்கிறேன். மாதக் கணக்கில் ஓடும். "சாப்பாட்டு மேசையில வௌவாலா?" என்கிறார் உன் அண்ணன். மடியில் வைத்துச் சாப்பிடச் சொன்னேன்.

அண்ணி

மார்ச் 24

அண்ணிக்கு,

பேட்டரி அப்படியே இருக்கிறது. பதிவும் அப்படியே, காலியாக. பாலத்து இன்ஜினியர் சிரிக்கிறார்: "பாத்தீங்களா மேடம், உள்ள ஒண்ணுமே இல்ல." அவை கூட்டமாகப் பறந்து போவதை நான் கண்ணால் பார்த்தவள். சுவர்க் கடிகாரத்துக்கு வைக்கிற சிப்பையா வைத்தீர்கள்? பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். வரும் திங்களன்று சிமெண்ட் வருகிறது.

நாத்தனார்

மார்ச் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

கோபம் நியாயம். சின்ன வௌவாலின் குரல் மிகவும் உச்சம். என் சோம்பேறி சிப் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்த ஒலியலை வந்துவிட்டுப் போயும்விடுகிறது. நான் மின்சாரச் செலவை மட்டும் பார்த்தேன், வேகத்தைப் பார்க்கவில்லை. இப்போது வேகமும் உண்டு, தீனியும் கம்மி என்று ஒன்றைப் பிடித்துவிட்டேன். சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் அந்த உச்சக் குரல் வருமாம். நாளெல்லாம் குலுக்கிச் சோதித்தேன். உன் அண்ணன், "நீ வெளிய போறியா, உள்ள வர்றியா?" என்றார். போகிறேன் என்றேன். தபாலை நம்பப் போவதில்லை, நாளை பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். ஏணியை நீ பிடி.

அண்ணி

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஊர் திரும்ப பஸ் ஏறிய மறுநாள் இன்ஜினியர் பதிவைக் கேட்க வந்தார். நம் காதுக்கு எட்டும்படி சுருதியை இறக்கிப் போட்டுக் காட்டினேன். சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று வந்தது. அவர், "இவ்வளவு பேர் குடியிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, சிமெண்ட் லாரியைத் திருப்பி அனுப்பினார். பக்கத்து ஆற்றுப் பாலங்களுக்கும் பெட்டி வேண்டும் என்கிறது நான் வேலை பார்க்கும் வனத்துறை அலுவலகம். செய்து தருபவர் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன், திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

இன்னொன்று. ஏணி ஆடியபோது நான் "அக்கா" என்று கத்தினேன். அது பயத்தில் வந்தது. கடிதத்தின் மேலே இருப்பது நன்றாக யோசித்து எழுதியது.

உங்கள்
தங்கை