தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனது

இன்று காலை என் பேத்தி கைப்பேசியில் இரண்டு நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து நின்றபடி, என்னைப் பற்றி இங்கிலீஷில் பேசினாள். வெளிநாட்டில் போய்ப் படிக்க ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம். அதில் ஒருவர் எதிரே உட்கார்ந்து தலைப்புக் கொடுப்பாராம், இவள் இரண்டு நிமிடம் நிற்காமல் பேச வேண்டுமாம். படிப்பு, வெற்றி, தோல்வி என்று பேசுவதற்குத் தோதாகப் பெரிய பெரிய வார்த்தைகளைச் சின்ன அட்டைகளில் எழுதிக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறாள். இன்றைக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஒருவர் படித்து முன்னேற உதவி செய்த இன்னொருவர்.

எனக்கு அவ்வளவும் புரியாது. மை கிராண்ட்மதர் என்றது புரிந்தது. அப்பா ஏழாவதில் பெயிலானார், அது பெரிய செட்பேக், அஞ்சாம் கிளாஸ் மட்டுமே படித்த ஆச்சிதான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினாள் என்கிற மாதிரி ஓடியது பேச்சு. கடைசியில் ‘பர்சிவியரன்ஸ்’ என்றாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அந்த வார்த்தைக்கு எனக்கு முதலில் அர்த்தம் சொன்னவள் நீதான். கார்டன் ரீச் போகும் பஸ்ஸில், பாலம் திறந்திருந்தபோது.

நீ கண்ணை மூடி, வருகிற துர்கா பூஜையோடு மூன்று வருஷம். எனக்கு எதுவும் மறக்காது என்று உனக்குத் தெரியும். என் நாத்தனார் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனவள் யார், அவள் அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தாள் என்பது வரைக்கும் இன்னும் சொல்வேன். பிறர் எனக்குச் செய்ததை வைத்து நாற்பது வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன். நான் உனக்குச் செய்ததை மட்டும் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்த இங்கிலீஷ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனவளே நான்தான். என் மூத்தவன் படித்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு தடவை தாய் தகப்பனைக் கூப்பிடுவார்கள். இவர் டியூட்டிக்குப் போய்விடுவார். நான் போய் டீச்சரம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவேன். அவன் பெயிலான வருஷமும் அப்படித்தான் தலையாட்டினேன், சிரித்துக்கொண்டே. வெளியே வந்த பிறகுதான் அவனே சொன்னான், ‘அம்மா, நான் பெயில்னு சொன்னாங்க.’

பவானிபூரில் ஒரு வயசான டீச்சரம்மா, வங்காளிகள் தீதிமணி என்பார்கள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வானவர், வியாழக்கிழமை மத்தியானம் என்னைப் போன்ற அம்மாக்களுக்குத் தன் வீட்டுக் கீழறையில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டு, தனியாகப் போகப் பயந்து உன்னைத் துணைக்குக் கூப்பிட்டேன். இந்த வங்காள ஊரில் நமக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வாசல். உன் வீட்டில் மாமியார், என் வீட்டில் மாமனார். இங்கிலீஷ் என்றால் விடுவார்களா? தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போனோம்.

மூன்று மாதமாகியும் ஒன்றும் தைக்கவில்லையே என்று உன் மாமியார் கேட்டபோது, கரியாஹாட் பிளாட்பாரத்தில் ஆளுக்கு ஒரு உள்பாவாடை வாங்கி, கடைக்காரன் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மா ஓரத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் நெருக்கமாக விழ வேண்டும் என்றார்கள். நீ அடுக்களைக்குள் ஓடிப்போய் வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டு சிரித்தது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது.

தீதிமணி நல்ல கெட்டிக்காரி. பாஸ், பெயில் என்று இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகாதீர்கள் என்பார். பிள்ளை எதில் தடுமாறுகிறான், எதில் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்கிறான், எதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறான், இதையெல்லாம் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். அதற்கெல்லாம் தனித்தனி வார்த்தை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதுவார். நான் அதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மறப்பேன். நீ எழுதவே மாட்டாய். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவ்வளவையும் உன் வீட்டு ஆட்கள் மேல் பொருத்திவிடுவாய்.

நம் பஸ் போகும் வழியில் துறைமுகப் பாலம். கப்பல் உள்ளே வந்தால் அதைத் திறந்துவிடுவார்கள். பஸ், லாரி, ரிக்‌ஷா எல்லாம் நிற்கும். கார்டன் ரீச்சில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும் பாலம் திறந்திருந்தது என்பார்கள், யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். நாமும் அதைச் சொல்லித்தான் பிழைத்தோம். அப்படி ஒரு நாள் பஸ் நின்றிருந்தபோது பர்சிவியரன்ஸ் என்றால் என்ன என்று உன்னைக் கேட்டேன்.

“எடுத்த காரியத்த விடாம புடிக்கதுட்டி. எங்க அத்தைய எடுத்துக்க. பத்து வருசமா எங் கொழம்புல உப்பு கூடன்னு சொல்லுதாக. இன்னும் விடல பாரு. அதான்.”

முன் இருக்கையில் இருந்த வங்காளி அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்தேன். சிரித்த அதே நேரத்தில் உள்ளே ஒன்று சுருக்கென்றது. நான் கூட்டிவந்தவள் இவள். எனக்குத் துணைக்கு வந்தவள். எனக்கு ஏறாதது இவளுக்கு எப்படி இவ்வளவு லேசாக ஏறுகிறது?

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. தீதிமணி என்னை எழுப்பி நிறுத்தி, உன் மகன் பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிக்கிறான் என்று இங்கிலீஷில் சொல் என்றார். அவன் பெயிலானதைக் குவார்ட்டர்ஸில் நான் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதோ புது முறை, ஏழாவதையே இரண்டு வருஷமாக வைத்திருக்கிறார்கள் என்று கதை கட்டியிருந்தேன். உனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். நான் வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்காகச் சொன்னாய். அவள் மகன் கணக்கில் பெயிலாகிவிட்டான், அவன் ஸ்ட்ரகிளிங், அவளும் ஸ்ட்ரகிளிங், ஆனால் கிவ் அப் பண்ணவில்லை என்று நல்ல இங்கிலீஷில், ஒரு தப்பும் இல்லாமல்.

தீதிமணி கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ஒரு பஞ்சாபி அம்மா, இரண்டு குஜராத்தி அக்கா தங்கைகள், நாலைந்து வங்காளிகள். என்னையோ என் மகனையோ தெரிந்தவர்கள் ஒருத்தர் கிடையாது. ஆனாலும் என் வீட்டுத் துணியை நடுத்தெருவில் உதறியது போல எனக்கு எரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ பேசப் பேச நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வியாழன் தலைவலி என்றேன். அதற்கடுத்த வியாழன் மாமனாருக்குக் காய்ச்சல் என்றேன். அப்புறம் நீ கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, தனியாகப் போய் வந்தாய்.

ஒரு மாதம் கழித்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாய். கிதர்பூரில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உதவிக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். தீதிமணி உன் பெயரைச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் போய்ப் பேச வேண்டும். வேலை கையில் வந்த பிறகு வீட்டில் சொன்னால் மறுக்க மாட்டார்கள் என்று உனக்கு ஒரு கணக்கு. நான் ரொம்ப சந்தோஷம் என்றேன்.

சனிக்கிழமை நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். உன் மாமியார் பின்பக்கம் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், கொடியில் கிடந்த உள்பாவாடையைக் காட்டி, “எம் மருமவ தச்சது, தொவைக்கத் தொவைக்கத் தையல் நிக்கி பாரு” என்று பெருமையாகச் சொன்னார்கள்.

நான் சொன்னேன். “அத்தை, அது கரியாஹாட்டுல வாங்குனது. அவ தையலுக்குப் போகல. இங்கிலீஷ் படிக்கப் போறா. திங்கக்கெழம வேலைக்குக் கேக்கப் போறா.”

நீயும்தானே கூடப் போனாய் என்றார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை, நான் நின்றுவிட்டேன் என்றேன். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்பாவாடையைக் கொடியிலிருந்து எடுத்து, ஈரத்தோடு மடித்து, உள்ளே கொண்டுபோனார்கள்.

திங்கட்கிழமை காலையில் நான் என் அடுக்களை ஜன்னலில் நின்றிருந்தேன். கஞ்சி போட்ட சந்தன நிறத் தாந்து கைத்தறிப் புடவை கட்டி, தோளில் ஊக்கு குத்தி, தலையை இறுக்கிப் பின்னி நீ வெளியே வந்தாய். வந்தவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. உன் மாமியாருக்கு நீ கிளம்பும் நேரம் பார்த்து நெஞ்சு வலி வந்துவிட்டது, தனியாக விட்டுவிட்டுப் போகாதே என்று படுத்துவிட்டார்கள். அந்தப் புடவையோடேயே குந்தி உட்கார்ந்து, ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்க நிலக்கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாய். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. புகை கண்ணில் ஏறியதா, நீ அழுதாயா என்று எனக்குத் தெரியவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது மனசு குளிர்ந்தது. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அதோடு போயிருந்தால் என் வெட்கம் ஒரு அளவோடு நின்றிருக்கும். இரண்டு வாரம் கழித்து நீயே என் வாசலுக்கு வந்து, உன் மூத்தவனைச் சாயங்காலம் அனுப்பு, எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன் என்றாய். உன் வியாழக்கிழமை வகுப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. ஆம்பிளைப் பிள்ளை படிப்பு என்பதால் உன் மாமியார் அதற்கு மட்டும் தடை சொல்லவில்லை. உன் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவன் படித்தான். கணக்கை உன் வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டு மறுநாள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாய். நான் அனுப்பினேன். கூச்சமே இல்லாமல் தினமும் அனுப்பினேன். ஊரில் கேட்டவர்களிடம் நான்தான் பிரம்பும் கையுமாகப் பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொன்னேன். அது குடும்பக் கதையாகவே ஆகிவிட்டது. அவன் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். அவனும் மறுக்கவில்லை. அம்மாவை ஏன் குறைவாக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ.

அவன் பத்தாவது பாஸான அன்று சந்தேஷ் இனிப்பு டப்பா எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாய். டப்பாவைத் திறக்கவில்லை. பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாய்.

“ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. அன்னைக்கி வேலைக்குப் போனா நான் பாஸாயிருவேன்னு ஒனக்குப் பயமாட்டி இருந்துச்சு?”

என்ன கேட்கிறாய், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றேன். இந்த ஊர் வாழைப்பூ ஏன் இவ்வளவு துவர்க்கிறது என்று பேச்சை மாற்றினேன். நீயும் மோரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் சரியாகிவிடும் என்று பதில் சொன்னாய். அதற்குப் பிறகு நீ பேஹாலாவுக்குக் குடிபோனாய், உன் மாமியார் போனார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடந்தது. எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டோம். நீ மறுபடி கேட்கவில்லை. உன் சாவு வீட்டில் எல்லோரையும்விட நான்தான் சத்தமாக அழுதேன். உன் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அம்மா எப்பவும் உங்களப் பத்தி நல்லதுதான் சொல்லுவாங்க என்றாள். அந்த இடத்தில் நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

இன்று பேத்தி பேசி முடித்ததும் எப்படி இருக்கிறது ஆச்சி என்று கேட்டாள். ஒங்கப்பனுக்குச் சொல்லிக்குடுத்தது நான் இல்லை என்றேன். அவள் முதலில் சிரித்தாள். “ஆச்சி, நாளைக்கு எக்ஸாம். நான் இத பத்து தடவ பிராக்டிஸ் பண்ணிட்டேன். உண்மையான்னு அவங்க பாக்க மாட்டாங்க, வேர்ட்ஸ்தான் பாப்பாங்க.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அட்டையை அடுக்கிக்கொண்டே, அப்ப யார் சொல்லிக் குடுத்தது, டீச்சரா என்று கேட்டாள். இல்லை, ஆகியிருப்பாள் என்றேன். ஏன் ஆகவில்லை என்றாள். கீரையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன். உள்பாவாடையையும் சொன்னேன், திங்கட்கிழமையையும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, “அவங்களுக்குத் தெரியுமா, நீங்கதான்னு?” என்றாள். தெரியும் என்றேன். “அப்புறமும் அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?” தலையாட்டினேன். அவள் அட்டைகளை அள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதை எழுதுகிற வரைக்கும் உள்ளேயிருந்து இங்கிலீஷ் சத்தம் வரவில்லை. நாளைக்கு என்ன பேசப் போகிறாள், எனக்குத் தெரியாது. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம்ட்டி. பயந்தேன். தீதிமணிக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, அந்தப் பஸ்ஸிலேயே எனக்குத் தெரியும், நீ எங்கேயோ போகப் பிறந்தவள் என்று. மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், பேத்தியிடமும் அதைச் சொல்லவில்லை. அன்று வடகத்துக்குப் பக்கத்தில் உன் மாமியார், அவளுக்கெல்லாம் யார் வேலை தரப்போகிறார்கள், போய்விட்டு வரட்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். விட்டிருப்பார்கள். நான்தான் விடவில்லை. “இல்ல அத்தை, அவளுக்குக் கெடச்சிரும். அவள மாதிரி கெட்டிக்காரி அங்க ஒருத்தி கெடையாது” என்றேன். உன்னைப் பற்றி வாய்விட்டு நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதை உன்னைத் தடுப்பதற்காகச் சொன்னேன்.