சாவி என் இடுப்பில்தான் இருந்தது

அன்புள்ள தங்கைக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கியிருப்பதாக. என் வீட்டில் அது இல்லாததால்தான் மூன்று வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது என் முகத்தை உற்றுப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்கிறாள். உன் அத்தான் வழக்கம்போல. நான் வாயைத் திறந்தால் அவர் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்.

நீ சொந்தமாகத் தையல் கடை போட்டிருக்கிறாய், ஆறு மெஷின் ஓடுகிறது என்று அம்மா சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் எழுதக் கூடாதென்று உட்கார்ந்திருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

தையல் கூடத்தில் நான் பதினைந்து வருஷம், நீ நாலு வருஷம். ஆனாலும் முதலாளியம்மா துணி வெட்டும் கட்டிங் மேஜைப் பொறுப்பை உன்னிடம் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மறு வாரம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நாற்பது கோட்டு வெட்ட வேண்டியிருந்தது. நீ சாப்பிடப் போன நேரத்தில் கோட்டுக் கைக்கு அளவு வைத்து வெட்டும் பேட்டர்ன் அட்டையின் கீழ் ஓரத்தில் ஒன்றரை அங்குலம் நறுக்கினேன். நறுக்கிய துண்டை வாயில் போட்டு மென்று துப்பினேன். நாற்பது கோட்டும் மணிக்கட்டு தெரிய வந்தன. எல்லார் முன்னாலும் நீ திட்டு வாங்கினாய். அளந்துதான் வெட்டினேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். நான் தலை நிமிராமல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வேலையை விட்டுப் போனாய். மேஜை எனக்கு வந்தது. வந்த அன்றே அட்டைகள் இருக்கும் பீரோவுக்குப் பூட்டு வாங்கினேன். நான் செய்ததை எனக்கு ஒருத்தி செய்துவிடுவாள் என்ற பயம். தினமும் காலையில் அறுபது அட்டைகளையும் டேப் வைத்து அளந்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவேன். யார் நன்றாகத் தைத்தாலும் அவள்மேல் ஒரு கண். முதலாளியம்மாகூட, "நீ துணிய அளக்குற நேரத்தவிட ஆள அளக்குற நேரந்தான் ஜாஸ்தி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

போன மாதம் காலர் அட்டை கால் அங்குலம் குறைந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகத் தைப்பவள், அதுதான் அவள் குற்றம். அவள் பையைக் கொட்டச் சொன்னேன். டிபன் டப்பாவும் ஒரு சீப்பும் விழுந்தன. அழாமல் கேட்டாள்: "நான் அந்த பீரோவத் தொட்டதே இல்லக்கா. சாவி உங்க இடுப்புலதான இருக்கு?"

அதற்கும் ஒரு பதில் சொல்லி அவளை வேலையை விட்டு அனுப்பினேன். சாயங்காலம் அட்டையைத் திருப்பினால், ஓரம் பிய்ந்ததால் வெட்டிச் சீராக்கியது என்று தேதியோடு எழுதியிருந்தது. என் கையெழுத்து.

சபையில் மூன்று வருஷமாக நற்கருணை நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவேன், தலைவலி என்று. இந்தத் தடவை போதகரிடம் போய், தங்கச்சிமேல் எனக்கு ஏன் இவ்வளவு கசப்பு, அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தங்கச்சிகிட்ட சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவை முழுக்கத் திறக்காமலே கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை மெஷின்களை நிறுத்தச் சொல்லி, நாற்பது கோட்டு விஷயத்தை எல்லார் முன்னாலும் சொன்னேன். முதலாளியம்மா சாவிக்குக் கை நீட்டினார். இப்போது பழைய இடத்தில் பட்டன் தைக்கிறேன். பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நீ எழுத வேண்டாம். நீ எழுதிவிடுவாய், அதையும் உன் நல்ல குணம் என்று நினைத்து எரிவேன். அப்படித்தான் இருக்கிறேன் இன்னும். உன் ஆறு மெஷினும் ஓட வேண்டும் என்று முழங்காலில் நின்று ஆரம்பிக்கிறேன், பாதியில் நாக்கு நின்றுவிடுகிறது.

மீதியை எனக்காக நீ ஜெபித்து முடி, தங்கச்சி. உன் வாயால் கேட்டால் கர்த்தர் கொடுப்பார்.

உன் அக்கா