கயிறு கட்டிய குஞ்சு

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

மதியம் எங்கள் ஊர் ராமாபுரத்திலிருந்து அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஐந்து நாட்டுக்கோழிக் குஞ்சுகள், பத்து நாள் வயசு. நங்கை, அதாவது இவருடைய அக்கா ராமக்காள், கொள்ளேகால் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள், "அஞ்சுல ஒண்ணாச்சும் சேவலா இருக்கோணும் தீபா, பாத்துக்க" என்றார். ஐந்தில் ஒன்று கூடவா இருக்காது?

எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் நானே மாற்றிச் சொல்லக்கூடாது. ஜூலையில் இவர் சாரத்திலிருந்து விழுந்து, காலுக்குள் கம்பி வைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இவர் ஊன்றுகோலை விட்டு நடக்கவேண்டும். நடந்தால் ஏப்ரல் நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, ஒரு சேவல். கடையில் வாங்கியது ஆகாது. நம் வீட்டில் குஞ்சிலிருந்து வளர்த்து, இதுதான் உனக்கு என்று முன்கூட்டியே கயிறு கட்டிவிடவேண்டும். எங்கள் ஊரில் அப்படித்தான்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியாயிற்று. இவர் கொத்தனார் அல்லவா, கட்டிலில் உட்கார்ந்தபடியே வலை எப்படிக் கட்டவேண்டும் என்று எனக்கு மேஸ்திரி வேலை பார்த்தார்.

29 செப்டம்பர்

நிறம்தான் வேறு, மற்றபடி ஐந்தும் ஒரே அச்சு. ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லை, கண் பழகும்.

6 அக்டோபர், ஞாயிறு

மகள் வைஷாலிக்கு இது பத்தாம் வகுப்பு. இன்று முழுக்க அவள் படித்தது கோழிப் பாடம். போனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். சேவல் குஞ்சுக்குக் கொண்டை சீக்கிரம் எழுமாம், கால் தடித்திருக்குமாம், முதுகில் இறகு மெதுவாக வருமாம். பெட்டைக்கு வால் முந்திக்கொள்ளுமாம். வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடியில் போட்டுப் பார்த்தேன். பதினோரு வருஷமாக கார்மெண்ட்ஸில் செக்கராக இருக்கிறேன், ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. காலரில் ஒரு தையல் விட்டிருந்தால் என் விரலுக்குத் தெரியும். குஞ்சு எந்த மூலைக்கு?

பக்கத்து டேபிள் மல்லம்மா, நஞ்சன்கூடுக்காரி, வேறு வழி சொல்லியிருந்தாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவேண்டும், தலையை நிமிர்த்தினால் ஹுஞ்சா, அவர்கள் பாஷையில் சேவல். தொங்கவிட்டால் பெட்டை. தூக்கினேன். ஐந்தும் நிமிர்த்தின. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை தூக்கினேன். ஐந்தும் தொங்கவிட்டன.

இவர் வாய்விட்டுச் சிரித்தார். விழுந்த பிறகு இப்போதுதான் அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

27 அக்டோபர், ஞாயிறு

கட்டிவிட்டேன்!

ஆறு வாரம் ஆயிற்று, இனி என்ன சந்தேகம். செவலைதான் சேவல். கொண்டை மற்றவற்றைவிட இரண்டு பங்கு, நல்ல சிவப்பு. தட்டில் தீனி போட்டால் நாலையும் கொத்தி விரட்டிவிட்டுத்தான் வாயை வைக்கும். பக்கத்து வீட்டுப் பூனையையே ஒரு நாள் முறைத்து அனுப்பியது. இன்னொரு பக்கம் பூந்தி இருக்கிறது, புள்ளி புள்ளியாக, பயந்தாங்கொள்ளி, என் முந்தானைக்குள்ளேயே புகுந்துகொள்ளும். அதற்கெல்லாம் கொண்டை பொட்டு அளவுதான். அதுவும் மற்ற மூன்றும் பெட்டை.

குளித்துவிட்டு வந்து, செவலை காலில் மஞ்சள் கயிறு கட்டி, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது பார்க்கவேண்டுமே! ஊரில் இதைத் துளுக்குவது என்பார்கள். சாமி சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம்.

வைஷாலி மட்டும், "தண்ணி ஊத்துனா நானும்தான் உலுக்குவேன்" என்றாள். அவள் கிடக்கிறாள்.

இனி அதை விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சாமி கோழி.

17 நவம்பர்

சாமி கோழிக்கு ராகி, கம்பு, பொரிகடலை. எனக்கு நேற்று வைத்த குழம்பு.

நான் வேலைக்குப் போனபின் தீனி போடுவது இவர். ஒரு கையில் கோல், ஒரு கையில் தட்டு. கட்டிலிலிருந்து வலை வரை பதினாறு அடி. எத்தனை அடி கோலை ஊன்றுகிறார், எத்தனை அடி சும்மா பிடித்திருக்கிறார் என்று வீட்டில் இருக்கும் நாளெல்லாம் எண்ணுகிறேன். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

15 டிசம்பர், ஞாயிறு

நேற்று டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டுச் சொன்னார், எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, கோலை விட்டு நடக்கலாம் என்று. ஆட்டோவில் வரும்போதே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று காலை கோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "வாங்க" என்றேன். நின்றார். வேர்த்துவிட்டது. ஒரு அடி வைக்கவில்லை. "முடியல புள்ளே. கீழ பாத்தா தரை ரொம்பத் தூரமா இருக்குது" என்றார்.

கோலை எடுத்துக் கொடுத்தேன். பின்னால் போய்ச் சாமி கோழியிடம் உட்கார்ந்து, ஏப்ரலுக்குள், ஏப்ரலுக்குள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

22 டிசம்பர்

வைஷாலி போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பதினாலு வாரத்தில் வாலுக்கு மேலே முதுகு முடிகிற இடத்தில் இறகு கூராக, நீளமாகத் தொங்கினால் சேவல். நுனி உருண்டையாக இருந்தால் பெட்டை. இதில் தப்பே வராதாம்.

சாமி கோழியின் இறகு இன்னும் வளரவில்லை. அவ்வளவுதான்.

29 டிசம்பர்

வளரும்.

26 ஜனவரி 2025, ஞாயிறு

காலை ஆறு மணிக்குப் பின்பக்கம் ஒரு சத்தம், துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி. மறுபடியும். கூவுகிறது! பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். சாமி கோழிதான், என் ராஜாதான் என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

சாமி கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்மேல் பூந்தி நின்று, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, கூவியது.

பூந்தி. என் முந்தானைக்குள் தூங்கின பூந்தி.

தூக்கி மடியில் போட்டுப் பார்த்தேன். முதுகில் கூர் கூராக இறகு தொங்குகிறது. எத்தனை நாளாகத் தொங்குகிறதோ. சாமி கோழி இவ்வளவு நாளும் கொத்திக் கொத்தி அதை வாயைத் திறக்கவிடாமல் வைத்திருந்திருக்கிறது. அப்புறம் சாமி கோழியைத் தூக்கினேன். உருண்டை. எல்லா இறகும் நுனி உருண்டை. போன மாசமும் உருண்டைதான், நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் பார்க்காத மாதிரி இருந்தேன். பதினோரு வருஷ செக்கராம்!

"உங்களுக்குத் தெரியுமா?" என்று இவரைக் கேட்டேன். தலையை ஆட்டினார். "டிசம்பர்லயே தெரியும். நீ அவ்வளவு நம்பிக்கையா இருந்தயா, எப்படிச் சொல்றது" என்றார்.

அம்மனுக்குச் சேவல் என்று சொல்லிப் பெட்டைக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். அவள் என்ன நினைப்பாள்? இவர் கால் என்ன ஆகும்?

27 ஜனவரி

நங்கை போனில் ஒரே வரியில் முடித்துவிட்டார். "இதுக்குப் போயி அழுவாங்களா? கயித்த அவுத்து அந்தப் புள்ளிச் சேவலுக்குக் கட்டு. அம்மன் என்ன கணக்கா பாக்கறா?"

ஃபாக்டரியில் குறை இருக்கிற சட்டைக்குச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒட்டியதை எடுத்து வேறு சட்டைக்கு ஒட்டியதே இல்லை, சூப்பர்வைசர் கெஞ்சினபோதும் இல்லை. அதனால்தான் மாற்றமாட்டேன் என்கிறேனா? இல்லை, பூந்தியை அறுக்கக் கொடுக்க மனசில்லாமல் நியாயம் பேசுகிறேனா? எனக்கே தெரியவில்லை. மாற்றிக் கட்டவில்லை.

16 பிப்ரவரி

சாமி கோழி கூவினால் எல்லாம் சரியாகிவிடும். தாமதமாகக் கூவுகிற சேவலும் உண்டு என்று மல்லம்மா சொல்கிறாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தும் தினமும் ஆறு மணிக்குப் போய் நிற்கிறேன்.

இவர் இன்று பதினாறு அடியில் மூன்று முறைதான் ஊன்றினார்.

9 மார்ச், ஞாயிறு



காலையிலிருந்து சாமி கோழி ஒரு மாதிரி கத்திக்கொண்டு மூலை மூலையாக நுழைந்து பார்த்தது. பதினோரு மணிக்குக் காணவில்லை. வலையில் இல்லை, கல்லுக்குப் பின்னால் இல்லை, தெருவில் இல்லை. சாமி கோழியை நாய் பிடித்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. நானும் வைஷாலியும் ஆளுக்கொரு சந்தாக ஓடினோம். தேடி அலுத்து அழுதுகொண்டே திரும்பி வந்தேன்.

வாசலில் நிற்கிறேன். மொட்டை மாடிப் படியில் இவர் இறங்கி வருகிறார். வேகமாக, இரண்டிரண்டு படியாக. ஒரு கக்கத்தில் கோழி, இன்னொரு கையை மூடி நீட்டியிருக்கிறார். முகமெல்லாம் பல்.

"இங்க பாரு புள்ளே, உன்ற சேவல் வெச்ச முட்டை! தண்ணித் தொட்டிக்குப் பின்னால, சாக்குமேல. இன்னும் சூடு ஆறல, தொட்டுப் பாரு."

உள்ளங்கையில் வாங்கினேன். சின்ன முட்டை, ஒரு ஓரத்தில் ரத்தக்கீற்று. நிஜமாகவே சூடாக இருந்தது. பெட்டை, பெட்டை, இனி பேச்சே இல்லை என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைஷாலி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். முட்டையைப் பார்க்கவில்லை அவள்.

"அப்பா, கோல் எல்லி?" என்றாள். கோல் எங்கே என்கிறாள், பதற்றத்தில் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

இவர் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்புறம் படியைப் பார்த்தார். பத்தொன்பது படி. கோல் கட்டிலில் கிடந்தது. அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஓவென்று அழுதேன், வெட்கமே இல்லாமல்.

சாயங்காலம் வரை நாலு தடவை மாடிக்கு ஏறி இறங்கினார். இன்னொரு முட்டை இருக்கிறதா என்று பார்க்கவாம்.

11 மார்ச்

வேண்டினது நடந்துவிட்டது, கொடுக்கச் சேவல் இல்லை. பூந்தியைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஊர்ப் பூசாரி சித்தையனுக்கு நானே போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

"கயிறு எதுக்குக் கட்டினயோ அதுதாம்மா அவளுது. மாத்தக்கூடாது. முட்டை வெக்கற கோழிய அறுக்கவும் கூடாது. வீட்டுலயே வளத்திட்டிரு. அது வயித்துல பொறக்கற சேவல் ஒண்ண அடுத்த நோம்பிக்குக் கொண்டா. அவ காத்திருப்பா."

அப்படியானால் இந்த முட்டைகள் யாருடையவை என்று கேட்டேன். அவளுடையவைதானாம், தின்னக்கூடாதாம், அடைக்கு வைக்கவேண்டுமாம். வைஷாலி ஆம்லெட்டுக்கு வெங்காயம் நறுக்கி வைத்திருந்தாள்.

9 ஏப்ரல், புதன்

நோம்பி முடிந்து திரும்பினோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை நடந்தார். பொங்கல் வைத்தோம். ஊரே என்னைப் பார்த்து, உன் சேவல் இன்று முட்டை வைத்ததா என்று கேட்டது. இன்னும் பத்து வருஷத்துக்குக் கேட்பார்கள். கேட்கட்டும்.

14 ஏப்ரல்

சாமி கோழி அடை உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டு முட்டை. பூந்திக்குப் பக்கத்தில் போகக்கூட அனுமதியில்லை.

5 மே 2025, திங்கள்

லீவு சொல்லிவிட்டேன். எப்படிப் போவது? விடிந்ததிலிருந்து ஓட்டுக்குள்ளே கீச் கீச்சென்று சத்தம். ஏழரைக்கு முதல் முட்டையில் ஒரு துளை, அதில் மூக்கு நுனி. எட்டரைக்குள் மூன்று குஞ்சு வெளியே வந்தாயிற்று. ஈரமாக, கோணல் காலோடு, தானே விழுந்து தானே எழுந்து. மல்லம்மா போனில், "எத்தனை ஹுஞ்சா, உன் கண்ணுக்கு என்ன தோணுது?" என்றாள். என்னை எதுவும் கேட்காதே என்றேன். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

நாலாவது வந்தபோது, வந்து பாருங்க என்று இவரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே போனேன். சாப்பாட்டு டப்பாவைக் காணோம். சட்டை மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது. விழுந்த பிறகு இன்றுதான் வேலைக்கு முதல் நாள், எட்டு மணிக்குக் கிளம்பவேண்டியவர். போய்ட்டு வர்றேன் என்று சொன்னாராம், நானும் குஞ்சைப் பார்த்தபடியே சரி என்றேனாம். வைஷாலி சொல்கிறாள்.

ஒன்பது மாசமாக அவர் வைத்த ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பி, வேலைக்குப் போயிருக்கிறார். நான் பார்க்கவே இல்லை.