சேறில்லாத கண்ணாடித் தட்டு

நேற்று சிராங்கூன் சாலைச் சாக்கடையில் ஒருவர் கொசு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள், நான் நின்றுவிட்டேன். உன் நினைவு வந்தது. கூடவே அந்தப் பழைய வயிற்றெரிச்சலும்.

சாங்கி விமான நிலையம் புதிதாகத் திறந்திருந்த சமயம். கடல்புழு ஆய்வுக்கூடத்தில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அந்தப் புழுவின் லார்வா தண்ணீரில் நீந்திக்கொண்டே இருக்கும். பிடித்த சேறு கிடைத்தால்தான் அடியில் இறங்கிப் புழுவாக உருமாறும். சேற்றில் அப்படி என்ன இருக்கிறது? கண்டுபிடிப்பவருக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இடம் ஒன்றுதான். காலாங் ஆற்று முகத்துவாரத்தில் முழங்கால்வரை இறங்கிச் சேறு அள்ளி, சலித்து, வடிகட்டி நான் உயிரை விட்டேன். நீ தேக்காச் சந்தையில் தோசை சாப்பிட்டுவிட்டு நிதானமாக வருவாய்.

ஒருநாள் கொசு மருந்தோடு வந்தாய். கொசுப்புழுவைக் கொசுவாக விடாமல் தடுப்பது. பூச்சிகளின் ஹார்மோனைப் போலவே செய்த சரக்கு.

"இதப் போட்டுப் பாப்போமே லா."

"ஏய், அது வளரவிடாத மருந்துடி. ஒன் புழு செத்துடும்."

"செத்தா சாவட்டும். ஒரு டிஷ்தானே?"

சாகவில்லை. கொசுவை வளரவிடாத அதே மருந்து உன் லார்வாக்களை வளர்த்துவிட்டது. துளிச் சேறுகூட இல்லாத வெறும் கண்ணாடித் தட்டில், நாம் கேன்டீனில் பால் விடாத தே ஓ குடித்துவிட்டு வருவதற்குள், அவை இறங்கி, நீண்டு, புழுக்களாக ஊர்ந்துகொண்டிருந்தன. "சேத்துலயும் இந்த மாதிரி ஏதோ ஒன்னுதான் சார் இருக்கணும்," என்று பேராசிரியரிடம் சாதாரணமாகச் சொன்னாய். நான் அள்ளி வந்த சேற்றைப் பற்றி! அன்று மத்தியானம் வயிற்றுவலி என்று சொல்லி உன்னோடு சாப்பிட உட்காரவில்லை.

நீ விமானம் ஏறியபோது சிரித்துக்கொண்டே கையசைத்தேன். சிரிப்பு பொய். போன வருடம் அங்கேயே நோயில் இறந்துவிட்டாய் என்று சேதி வந்தபோது அழுதேன். அந்த அழுகை நிஜம். அது ஓய்ந்ததும் வந்தது கோபம். இனி உன்னை எப்படி ஜெயிப்பது?

எனக்கு இப்போதும் அதே மேசைதான். சோதனை எதுவும் சிக்கிக்கொண்டால், இந்த இடத்தில் நீ எந்தக் கிறுக்குத்தனம் செய்வாய் என்று யோசிக்கிறேன். அதையே செய்கிறேன். பலிக்கிறது. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தும் என்னை முந்திக்கொண்டே இருக்கிறாயேடி.