திருப்பிக் கொடுக்காத ஒரு கிளாஸ்

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் எங்கள் பங்கின் மாதர் சங்கம் அவசரமாகக் கூடி, வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு முடிவை எடுத்தது. திருவிழாப் பவனியில் மாதா சொரூபம் தூக்குபவர்களுக்கு இந்த வருடமும் நெல்லி ரசமே வழங்கப்படும். தேசிக்காய்த் தண்ணீர் அணியினர் கண்ணியமாகத் தோற்றார்கள். அவர்களின் தலைவி எழுந்து, தன்னுடைய எதிர்ப்பைப் பதிய வேண்டும் என்று கேட்டார். பதிந்தோம். பிறகு எல்லோரும் எழுந்து நின்று செபம் சொல்லிக் கலைந்தோம்.

மாதிரிக்குத் திறந்த போத்தலில் மிச்சம் இருந்ததை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலுமாரியைத் திறந்து அந்தக் கிளாஸை எடுத்து ஊற்றினேன். அடி தடித்தது, விளிம்பில் தங்கக் கோடு ஓடுவது. எங்கள் வீட்டில் வேறு எதற்கும் தங்கக் கோடு கிடையாது. நெல்லியின் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள், வழக்கம்போலக் கதவைத் தட்டாமல்.

புத்தூரில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்த நான், உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்த அன்று நீங்கள் நடத்திய நேர்முகப் பரீட்சை எனக்கு நினைவிருக்கிறது.

"மீன் வெட்டத் தெரியுமே?"

"இல்லை மச்சாள்."

"செபமாலை சொல்லத் தெரியுமே?"

"இனித்தான் பழகோணும்."

"அப்ப என்னதான் தெரியும்?"

"கடிதம் எழுதுவன்."

"எழுதும், எழுதும். எங்கடை ஊரிலை அந்த ஒரு குறைதான் இருந்தது" என்றீர்கள்.

செபமாலையை நீங்கள் பழக்கினீர்கள். மீன் வெட்டுவதை உங்கள் தம்பி பழக்கினார். தான் பிடித்த மீனை மனைவி கொலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. பிறகு நாட்டில் சண்டை வந்தது. கரையை விட்டு எழும்பினோம். பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் மர நிழல்களிலும் இருந்து, வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தோம். கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. கோயிலுக்குக் கூரை இருக்கவில்லை. நீங்கள் முதல் வேலையாகக் கடற்கரையில் நான்கு தடி நட்டு, கிடுகு போட்டு, கருவாட்டு வாடியைத் திரும்பவும் தொடங்கினீர்கள். உங்களைப் பார்த்து மற்றப் பெண்களும் தொடங்கினார்கள். உங்கள் தம்பியின் படகு வந்து ஏறியதும் அந்த வாடிக்கு முன்னால்தான். அவர் கண்ணை மூடிய பிறகு என்னையும் அங்கே ஒரு பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து இருத்திவைத்தீர்கள். "வீட்டிலை தனிய இருந்து புத்தகத்தோடை கதையாதையும்" என்றீர்கள்.

அப்போதுதான் கரையோரம் ஒரு உல்லாச விடுதி எழும்பியது. கோயிலடியிலிருந்து கரைக்குப் போகும் ஒழுங்கையின் வாயில் ஒரு பச்சைக் கேட் போட்டுப் பூட்டினார்கள். தங்க வருபவர்களுக்குக் கருவாட்டு மணம் ஒத்துவரவில்லையாம். கடற்கரையைத் தேடி வருபவர்களுக்குக் கடற்கரை மணக்கக்கூடாது என்பது நியாயமான எதிர்பார்ப்புத்தான். எங்கள் பெண்கள் தலையில் கடகத்தோடு பெரிய றோட்டால் சுற்றி நடந்தார்கள். கொஞ்ச நாளில் இளம் பிள்ளைகள் வாடியை விட்டு உடுப்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வயதானவர்கள் முழங்காலைத் தடவிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். வாடிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கரையில் ஆள் இல்லாவிட்டால் கரையும் விடுதியின் கேட்டுக்குள் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஒருக்கா எழும்பினது காணும்" என்றீர்கள். "இனி நான் எழும்பிறதெண்டால் சவக்காலைக்குத்தான்."

நான் என்னுடைய ஒரே ஆயுதத்தை எடுத்தேன். மனுக்கள் எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாத, உவமை கூட அளவோடு சேர்த்த மனுக்கள். எல்லா அலுவலகங்களும் உரிய கவனம் செலுத்தப்படும் என்று பதில் போட்டன. அவ்வளவு கவனம் எங்கள் ஒழுங்கைக்கு அதற்கு முன்னர் கிடைத்ததில்லை. கேட் பூட்டியபடியே இருந்தது.

திருவிழா வந்தது. பாதர் இளம் ஆள், பயந்த சுபாவம். பிரச்சினை வேண்டாம் என்று பவனியின் பாதையை மாற்றினார். சந்தியில் ஒழுங்கைப் பக்கம் இடது கைக்குத் திரும்பாமல், வலது கைக்குத் திரும்பிப் பெரிய றோட்டால் வர வேண்டும் என்று பூசையிலேயே அறிவித்தார். மாதாவைப் பெண்கள் தூக்குவது எங்கள் வழக்கம். சொரூபம் தாங்கும் முன் தடியில் இடப்பக்கத் தோள் உங்களுடையது. அதற்கு யாரும் போட்டிக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

கொடிக்காரர் வலப்பக்கம் போனார்கள். பாதரும் போனார். பாட்டுக்காரர் மைக்கோடு போனார்கள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் மாதாவும் இல்லை, சனமும் இல்லை. நீங்கள் இடப்பக்கம் திரும்பியிருந்தீர்கள். முன் தடி திரும்பினால் பின் தடியும் திரும்பத்தானே வேண்டும். பச்சைக் கேட்டுக்கு முன்னால் மாதா வெயிலில் நின்றார்.

பாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அம்மா, மாதாவை உந்தப் பிரச்சினைக்குள்ளை இழுக்காதையுங்கோ."

"நாங்கள் இழுக்கேல்லை பாதர். தூக்கிக்கொண்டு வந்தனாங்கள். கால் பழக்கத்திலை திரும்பீட்டுது."

"அப்ப திருப்பிக் கொண்டு வாங்கோ."

"வந்த வழியாலை சொரூபம் திரும்பிப் போறதோ? எந்தக் காலத்திலை பாதர் அப்பிடி நடந்தது?"

பவனி சுற்றித்தான் கோயிலுக்குள் வர வேண்டும். சொரூபத்தை நிலத்தில் வைக்கவும் கூடாது. நீங்கள் செபமாலையைத் தொடங்கினீர்கள். சந்தோஷ தேவரகசியம் முடிந்தது, தோள் மாற்றினோம். துக்க தேவரகசியம் முடிந்தது, தோள் மாற்றினோம். நீங்கள் மட்டும் மாற்றவில்லை. விடுதியில் தங்கியிருந்தவர்கள் மாடியில் வந்து நின்று படம் எடுத்தார்கள்.

மனேச்சர் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்தார். சாவகச்சேரிப் பெடியன், நெற்றியில் திருநீறு. மாதாவைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினார்.

"அம்மா, சாமியை வெயிலுக்கை வைச்சிருக்காதையுங்கோ. திருப்பிக்கொண்டு போங்கோ."

"தம்பி, உங்கடை பிள்ளையாற்றை தேர் இடைவழியிலை றிவேஸ் எடுக்குமே?"

"இல்லை" என்றார்.

"அதுதான் சங்கதி."

அவர் உள்ளே போய்த் தொலைபேசியில் யாரோடோ நீண்ட நேரம் கதைத்தார். திரும்பி வந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். நீங்கள் வேர்வையில் குளித்திருந்தீர்கள். "குடிக்கவெண்டாலும் ஏதும் தரட்டே அம்மா?" என்று கேட்டார். நல்ல தாய் வளர்த்த பிள்ளை. தட்டுத்தட்டாக நெல்லி ரசம் வந்தது, தங்கக் கோடு போட்ட கிளாஸ்களில். தட்டைக் கேட்டின் கம்பிகளுக்குள்ளால் எடுக்க முடியாது. கேட்டைத் திறந்தார்கள்.

நீங்கள் கிளாஸை வலக்கையில் வாங்கினீர்கள். இடத்தோளில் தடி. "நன்றி தம்பி" என்றீர்கள். நடந்தீர்கள். மாதா உள்ளே போனார். நாங்கள் எல்லோரும் கையில் கிளாஸோடு, மகிமை தேவரகசியம் சொல்லிக்கொண்டு, கரை வரைக்கும் நடந்தோம். மனேச்சர் கைகூப்பியபடி ஒதுங்கி நின்றார். கும்பிட்ட கையால் கேட்டைச் சாத்துவது சிரமம்.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த நாள் காலை நீங்கள் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து என் வீட்டுப் படலையில் நின்றீர்கள்.

"வாரும், கிளாஸ் குடுக்கப் போவம்."

"எல்லாத்தையும் ஒரு பெட்டியிலை போட்டுக் குடுத்துவிடலாமே மச்சாள்?"

"உமக்குப் படிப்பு இருக்குது, அலுவல் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ்."

அப்படியே நடந்தது. ஒவ்வொரு காலையும் ஒரு பெண் கிளாஸைக் கழுவித் துடைத்துக் கையில் பிடித்தபடி கேட்டடிக்கு வந்தாள். கூட நாங்களும் வந்தோம், கடகங்களோடு. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களை உள்ளே விடாமல் இருக்க எந்த விடுதியாலும் முடியாது. கொடுத்துவிட்டுக் கரைக்குப் போனோம். கிளாஸ்கள் குறைந்துகொண்டு வந்த காலத்தில் மனேச்சர் கேட்டைப் பூட்டுவதையே விட்டுவிட்டார். ஒவ்வொரு காலையும் பூட்டின் திறப்பைத் தேடுவது அவருக்குப் பெரிய வேலையாகப் போயிற்று. கடைப் பிள்ளைகளில் சிலர் திரும்பி வாடிக்கு வந்தார்கள். பிறகு ஒரு நாள், என்னுடைய மனு ஒன்றைக் கையில் பிடித்தபடி அதிகாரிகள் வந்தார்கள். ஒழுங்கையில் சனம் நடந்துகொண்டிருந்தது. சனம் நடக்கும் ஒழுங்கையைப் பொது ஒழுங்கை என்று எழுதுவதில் அவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. மனுவின் நடையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசிக் கிளாஸை என்னிடம் தந்தீர்கள். "இதைக் குடுக்காதையும். ஒண்டு எங்களிட்டை இருக்கோணும். திருப்பியும் பூட்டினால், போறதுக்கு ஒரு அலுவல் வேணும்."

ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தபோது ஒரு நாள் கேட்டேன்: "மச்சாள், அண்டைக்கு உண்மையிலை கால் பழக்கத்திலைதான் திரும்பினனீங்களோ?"

கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள். "நான் மாதாவைப் பாத்துக்கொண்டு போனனான். பாதையை அவ பாத்தவ."

உங்களைச் சவக்காலைக்குக் கொண்டுபோனதும் அந்த ஒழுங்கையால்தான். பெரிய றோட்டால் சவக்காலை கிட்ட என்று யாரோ சொன்னார்கள். பாதரே வேண்டாம் என்றார். இடது கைக்குத் திரும்பச் சொல்லிக் கையைக் காட்டியவரும் அவர்தான். மனேச்சர் சப்பாத்தில்லாமல் நின்றார். கரையில் ஒரு தரம் நிறுத்தினோம். வாடிகளில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. நல்ல மணம்.

முன் தடியின் இடப்பக்கத்தில் இப்போது உங்கள் மூத்த மகள் தோள் கொடுக்கிறாள். நான் பின்னால் நடக்கிறேன். என் கைப்பையில் செபமாலையும் மூக்குக்கண்ணாடியும், துவாயில் சுற்றிய ஒரு கிளாஸும் இருக்கின்றன. இந்த வருடமும் அப்படித்தான் நடப்பேன்.

பச்சைக் கேட்டைக் கழற்றிவிட்டார்கள். ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டாயிற்று. காலையில் பாண் விற்கும் ஓட்டோ கடற்கரைக்கு அந்த வழியால்தான் போகிறது.