நூற்றிருபது வரை

ஜூன் 3

இன்றும் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துத்தான் குளித்தாள் சிட்டு. ஒன்பது வயது. குளித்து முடிக்கும் வரை நான் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு மட்டும் கூப்பிடுகிறாள், மற்றபடி பேச்சில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டு பதினெட்டு நாள் ஆகிறது. ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் மகள், குடியிருக்கிற கட்டடத்து லிஃப்டிலேயே. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஜூன் 5

அக்கா போனில்: "செல்லம் குடுத்துக் கெடுக்காத. கதவை நீயே சாத்து. ரெண்டு நாள் அழுவா, சரியாயிடும்."

ஜூன் 6

"ரெண்டே நிமிஷம்தானே" என்று சொல்லிச் சாத்தினேன். புத்தி கெட்டவன். அவள் அழவில்லை. குளிக்காமலேயே வெளியே வந்தாள், பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 7

அவள் சாப்பிடவில்லை. நானும்தான். அவள் அம்மா இருந்திருந்தால் — போய் மூன்று வருடம் ஆகிறது, இன்னும் இப்படித்தான் தொடங்குகிறேன். இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

ஜூன் 10

கேட்டே விட்டேன். என் மேல் என்னம்மா கோபம்?

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "லிஃப்டுல ரெண்டு நிமிஷம்னு சொன்னியே. நூத்தியிருபது வரைக்கும் எண்ணினேன். நீ வரல. திரும்பவும் எண்ணினேன். இருபத்தாறு தடவை."

மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வோம். உள்ளே இருப்பவர் பதறக் கூடாதென்று, வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தந்தது. ஒருவராவது எண்ணியிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று லிஃப்ட் பிரேக் இறுகிக் கிடந்தது. மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய்க் கையால் தளர்த்த ஐம்பது நிமிடமாவது ஆகும். தெரிந்தேதான் அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 11

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 19

வேலையில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார். "நாப்பது நிமிஷம் ஆகுங்க ஐயா" என்றேன். மேற்பார்வையாளர் முறைத்தார். உள்ளிருந்து, "அப்ப உக்காந்துக்கறேன் தம்பி" என்றார் பெரியவர்.

வீட்டில் இதைச் சொன்னேன். "எவ்வளவு ஆச்சு?" என்றாள் சிட்டு.

"முப்பத்தெட்டு."

தலையாட்டினாள். இந்த மாதத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

ஜூன் 27

காலையில் கதவு சாத்தும் சத்தம். பிறகு தாழ்ப்பாள்.

"அப்பா, பன்னெண்டு நிமிஷம் ஆகும். தலைக்கும் ஊத்திக்கறேன்."

வெளியே தரையில் உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எண்ணினேன். மூன்றாவது நூற்றிருபதிலேயே எண்ணிக்கை தவறிவிட்டது. அவள் இருபத்தாறு எண்ணியிருந்தாள்.