நாற்பத்தொரு திராட்சைக் கொடிகள்

ஜனவரி 11

அன்புள்ள கார்வின்,

நலமா? உன் மின்னஞ்சல் முகவரியை மூடிவிட்டார்களாம், அதனால் காகிதம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுப் போனாய். மூன்று வருடமாக ஒரு வரி இல்லை. பல்கலைக்கழகப் பசுமைக்குடிலில் உன் நாற்பத்தொரு திராட்சைக் கொடிகளுக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். போன வாரம் குடிலைச் சூடாக்கும் கொதிகலன் நின்றுபோனது. வெளியே மைனஸ் முப்பது. தொட்டி தொட்டியாகத் தாழ்வாரத்துக்குத் தூக்கினேன். முதுகு இன்னும் நிமிரவில்லை.

பசுமைக்குடிலை இடித்துக் கட்டப் போகிறார்கள். "அவன் எங்க வரப்போறான், தூக்கிக் கொட்டு மார்லிஸ்," என்கிறார் பேராசிரியர் ஹோல்ம். "ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொட்டறேனே," என்றேன். பிப்ரவரி கடைசிவரை பொறுக்கிறேன்.

அன்புடன்,
மார்லிஸ் ட்வெய்ட்

பெமிட்ஜி,
மார்ச் 2

அன்புள்ள மார்லிஸ்,

உங்கள் கடிதத்தை ஏழு வாரம் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை. நன்றாக மீன் பிடிக்கிறார். அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் உறைகுளிர் அறை பழுதாகி, பனி உருகி, கொடிகளின் பெயர்ச்சீட்டுகள் எல்லாம் கழன்று விழுந்தன. எது எந்த ரகம் என்று குத்துமதிப்பாகக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எந்த ரகம் எவ்வளவு குளிர் தாங்கும் என்று எடுத்த அளவுகள் எல்லாம் அந்தச் சீட்டுகளை நம்பித்தான். சொல்லத் தைரியம் வரவில்லை, ஓடி வந்துவிட்டேன். இங்கே பெயின்ட் விற்கிறேன்.

கொட்டிவிடுங்கள். பேராசிரியருக்குத் தெரிய வேண்டாம். அந்த அளவுகளை இனி யார் பார்க்கப் போகிறார்கள்?

கார்வின்

மார்ச் 9

கார்வின்,

இருபத்தெட்டாம் தேதிவரை காத்திருந்தேன். மறுநாள் சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, நாற்பத்தொன்றையும் வெட்டி உரக்குழியில் போட்டேன். உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது.

பேராசிரியரிடம் காட்டிவிட்டேன். காலி மேசைமேல் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தார். "செடி இருந்திருந்தா இலையைக் கிள்ளி மரபணுவைப் பார்த்து எது எதுன்னு கண்டுபிடிச்சிருக்கலாமே. அவன் எடுத்த அளவெல்லாம் பிழைச்சிருக்கும்," என்றார். ஒரு வாரம் முன்னால் நீ எழுதியிருந்தால் போதும்.

அந்த அளவுகளை ஒருத்தி பார்த்தாள். கேரா வோஸ் என்ற மாணவி, உன் கணக்குகளை நம்பி இரண்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். "அப்ப நான் முதல்லேர்ந்தா?" என்று கேட்டாள். நேற்று நடுவதற்குப் புதுத் திராட்சைக் குச்சிகளோடு வந்து நின்றாள். தற்காலிகக் கூடாரத்தில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை கட்டுகிறாள்.

எனக்குக் கோபமில்லை கார்வின். அலுத்துவிட்டது. என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. அவள் முகவரி பின்பக்கம் இருக்கிறது.

மார்லிஸ்